வாசகர் கேள்வி – பதில்: ஆசிரியர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: இளநிலை கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்து பி.எட். சேர விரும்புகிறேன். ‘பெண்பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை ஏது, புண்ணியமான தொழில்’ என்று அப்பா சொல்கிறார். மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் அண்ணனோ, ‘புண்ணியத்தை வைத்து வாடகை கட்ட முடியாது’ என்கிறார். உண்மையிலேயே இது தேர்ந்தெடுக்கத் தகுந்த தொழில்தானா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: தகுந்த தொழில்தான். ஆனால் அதன் உயர்வைச் சொல்லி உங்களை யார் அழைத்தாலும், அந்த உயர்வுக்கு அவர்கள் என்ன சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இதை நான் கசப்பினால் சொல்லவில்லை. கோவாவில் ஒரு பள்ளியில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியை ஒருவர், தொழிற்தகராறுச் சட்டத்தின்கீழ் நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். கல்வி புகட்டுவது ஓர் உன்னதமான பணி, அதை உடலுழைப்பாகவோ எழுத்தர் வேலையாகவோ கருத முடியாது, ஆகவே ஆசிரியர் அந்தச் சட்டம் குறிப்பிடும் தொழிலாளர் அல்லர் என்று 1988இல் தீர்ப்பு வந்தது. பாராட்டுதான். ஆனால் அந்தப் பாராட்டின் விளைவாக, பள்ளியில் மணியடிக்கும் ஊழியர் தொழிலாளர் நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய பாதுகாப்பை அதே பள்ளியில் பாடம் நடத்துபவர் கேட்க முடியாமல் போயிற்று.

எனவே, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம், ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய விகிதப்படி, 36,400 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். உங்கள் அண்ணன் சொல்லும் வாடகையைக் கட்ட இது போதும். ஆனால் 2022இல் அரசுப் பள்ளிக் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப முடிவு செய்தபோது, அதே பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் குறிக்கப்பட்ட தொகை மாதம் 10,000 ரூபாய். ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக 2012இல் நியமிக்கப்பட்டவர்கள் 5,000 ரூபாயில் தொடங்கி, நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஒரே வளாகம், ஒரே கரும்பலகை. நியமன ஆணையில் இருக்கும் ஒரு சொல்லால் வாழ்க்கை இவ்வளவு மாறிவிடுகிறது.

நிரந்தரப் பணிக்கான வழி நீளமானது. பி.எட். இப்போது இரண்டாண்டுப் படிப்பு. அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010இல் இத்தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012இல் நடந்தது. அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி, தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வையும் எழுதியாக வேண்டும். இந்தத் தேர்வுகள் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தால் வீடு அதைத் தாங்குமா என்று அப்பாவுடன் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. தொடக்கப் பள்ளியில் கற்பிக்க ஆசையென்றால் பி.எட். உதவாது, அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான் தகுதி என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இது தெரியாமல் பணத்தைக் கட்டிச் சேருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

‘பெண்பிள்ளைக்கு ஏற்ற வேலை’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். மாலை நான்கரை மணிக்கு வீடு திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் அப்படிச் சொல்கிறார்கள். ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். அங்கே இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அவர் கிளம்பிவிட்டால், ஐந்து வகுப்புகளையும் மற்றவர் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அவரேதான் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவையும் ஏற்றுவார், சத்துணவையும் கவனிப்பார். வாக்காளர் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று வீடு வீடாகவும் போவார். உயர்நிலைப் பள்ளியில் வகுப்புகள் பிரிந்திருக்கும், ஆனால் விடைத்தாள்கள் பையோடு வீட்டுக்கு வரும். முதல் நியமனம் சொந்த மாவட்டத்திலேயே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. வசதியான வேலை என்று நினைத்து வருபவர்கள்தாம் இதில் முதலில் சோர்ந்துபோகிறார்கள். பாடத்தின்மேல் பிடிப்போடு வருபவர்கள் இத்தனைக்கும் நடுவே தங்களுக்கென்று ஒரு மணி நேரத்தை எப்படியோ காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு அந்தப் பிடிப்பு இருக்கிறதா என்பதை பி.எட். கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். உங்கள் தெருவில் பின்னக் கணக்கு வராமல் தவிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை ஒரு பருவம் முழுவதும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் வேண்டாம். அவர்கள் யார் நடத்தினாலும் படித்துவிடுவார்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பிள்ளை நான்காவது முறையாக எழுதும்போது, மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டது, அதற்கும் அதன் மனதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் உங்களுக்கு ஆர்வம் பிறந்தால் தயங்காமல் வாருங்கள். எரிச்சல் மட்டுமே வந்தால், கணிதம் படித்தவருக்கு வங்கி, காப்பீடு, புள்ளியியல் என்று வேறு பல கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை.

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது, ஆனால் மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாக அலைய வேண்டும். வேறு பள்ளிக்கு மாற நினைக்கிறேன். ‘ஆசிரியப் பணி சேவை, கணக்குப் பார்க்கக் கூடாது’ என்கிறார் தாளாளர்.
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: மாணவர்களின் கட்டணத்தில் பள்ளி கணக்குப் பார்க்காமல் இருந்தால், நீங்களும் பார்க்க வேண்டாம். அப்படி ஒரு பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

விலகும்போது பணிக்கொடையை (கிராஜுவிட்டி) விட்டுவிடாதீர்கள். ஆசிரியர்களுக்கு அது பொருந்தாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. பல நிர்வாகங்கள் இன்னும் அதையே சொல்லி அனுப்பிவிடுகின்றன. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்தே ஆசிரியர்களுக்கும் அந்த உரிமையை வழங்கியது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கல்வி நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்தாண்டுகள் முடித்திருந்தால் போதும். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். உங்கள் 14,000 ரூபாய் முழுவதும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியுமாக இருந்தால், எட்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 64,600 ரூபாய் வரும். ஊதியச் சீட்டு தராத பள்ளியாக இருந்தால், வங்கிக் கணக்கில் சம்பளம் வரவு வைக்கப்பட்ட பக்கங்களையும் நியமனக் கடிதத்தையும் இப்போதே நகலெடுத்து வையுங்கள். அசல் சான்றிதழ்களைப் பள்ளி வாங்கி வைத்திருந்தால், விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, போட்டித் தேர்வுக்குத் தேவை என்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுவிடுங்கள். அந்தத் தேர்வை உண்மையாகவே எழுதவும் செய்யுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் வாத்தியார் தெருவில் வந்தால் எழுந்து நிற்போம். இன்று ஆசிரியருக்கு ஏன் அந்த மதிப்பு இல்லை?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தக் காலத்திலும் எல்லா ஆசிரியருக்கும் அது கிடைத்துவிடவில்லை. ஆசிரியர் ஆகத் தக்கவர் யார் என்று சொல்ல வந்த நன்னூல், ஆகாதவர் யார் என்பதையும் தயவு பாராமல் பட்டியலிட்டிருக்கிறது. அதில் பருத்தி அடைத்த குண்டிகை (குடுவை) ஒன்று வருகிறது: அரும்பாடுபட்டு அடைத்துக்கொண்டதை வெளியே எடுக்கவும் அரும்பாடுபடும் ஆசிரியர் அவர். தெருவில் எழுந்து நின்ற பலர் பயத்தால் நின்றார்கள். அடி குறைந்ததும் மரியாதையின் அந்தப் பகுதி குறைந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் 22 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. இப்போது போய்த் தகுதித் தேர்வு எழுதச் சொல்வது அவமதிப்பல்லவா? உன்னதமான தொழில் என்பதெல்லாம் பேச்சுக்குத்தானா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் பணியில் சேர்ந்தபோது இல்லாத ஒரு நிபந்தனை, பாதிக்கு மேல் வழி வந்தபின் விதிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1ஆம் தேதித் தீர்ப்பு தெளிவாகவே இருக்கிறது. அன்றைய நிலையில் ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும். ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே ஓய்வு வரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. உங்கள் பள்ளி அந்த வகையைச் சேர்ந்ததா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால், சங்கங்கள் ஏதாவது செய்யும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

அவமதிப்பா என்று கேட்டால், மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பணிக்காலத்தின் நடுவில் இப்படி ஒரு தேர்வு வைக்கத் துணிவார்களா என்று நானும் கேட்கிறேன். அதே நேரத்தில், தேர்வில் கேட்கப்படுவது நமக்கு அந்நியமானது என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. இரண்டாம் தாளில் 150 வினாக்கள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, உங்களைப் போன்றவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. கணிதம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இத்தனை ஆண்டுகள் ஒரே பாடத்தை நடத்தியவர்கள் இடறி விழுவது அறிவியலில்தான். எனவே ஆறு முதல் எட்டு வரையிலான அறிவியல் பாடநூல்களை உங்கள் பள்ளி நூலகத்திலிருந்தே எடுத்து, உயிரியல் பகுதியிலிருந்து தொடங்குங்கள். இயற்பியல் கணக்குகளுக்கு உங்கள் கணிதமே பாதி துணை நிற்கும்.