ஈரமண்ணுக்கு வரிப்புல்: கேள்வி பதில்

கேள்வி (தலவாக்கலை): அண்ணே, தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் மண் எப்போதும் சொதசொத என்று கிடக்கிறது. வெள்ளை வரி போட்ட ரிப்பன் புல் நடலாமா?

பதில்: நன்றாக வளரும், தம்பி. பிரச்சினையே அதுதான். அதன் தண்டு மண்ணுக்கடியில் ஓடும், பீலித் தண்ணீரோ கானில், அதாவது வடிகாலில், இறங்கி ஆற்றுக்குப் போகிறது, ஒரு துண்டு அதில் விழுந்தாலும் கீழே எங்காவது ஒதுங்கி முளைத்துவிடும். ஹோர்ட்டன் சமவெளியில் பரவிக் கிடக்கும் கோர்ஸ் முட்செடியும் வெளியிலிருந்து வந்ததுதானே. அதனால் பீலிக்கரைக்கு வரியோடிய குட்டி வசம்புதான் என் தெரிவு. பார்வைக்குப் புல், இனத்தால் நம் வசம்பின் உறவு. ஒரு அடி உயரம்தான் வரும், ஈரம் வற்றாத மண் அதற்குப் பிடிக்கும், மெதுவாகத்தான் பரவும். ரிப்பன் புல்தான் வேண்டுமென்றால், கானை விட்டுத் தள்ளி, அடியில் ஓட்டை போட்ட வாளியில் நட்டு, விளிம்பு மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரிப் புதையுங்கள். வெட்டிய தண்டைக் கானில் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி (ஹட்டன்): எங்கள் வரிப்புல் பாதி பச்சையாகிவிட்டது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அக்கா. வெள்ளைப் பட்டையில் பச்சையம் கிடையாது, அதனால் வரியுள்ள தண்டு மெதுவாகத்தான் வளரும். இடையில் முழுப்பச்சையாக ஒன்று கிளம்பினால் அது முந்திக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். மேலே வெட்டினால் திரும்பவும் வரும், வேரோடு கிளப்புங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி பாருங்கள்.

கேள்வி (நுவரெலியா): தம்பி, ஜனவரி உறைபனியில் ரிப்பன் புல் கருகிப் போச்சு. வெட்டிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் ஐயா. கருகிய இலை அடிக்குருத்துக்குப் போர்வை. பனி விட்டதும், மார்ச் வாக்கில், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வசம்பை அப்படி மொட்டையடிக்க வேண்டாம், கருகிய இலையை மட்டும் எடுத்தால் சரி.

கேள்வி (ஹட்டன்): குறுக்கே மஞ்சள் பட்டை போட்ட மிஸ்கான்தஸ் இதே மண்ணில் நிற்குமா?

பதில்: ஈர மண்ணில் நிற்கும், தண்ணீர் தேங்கினால் அழுகும். மேட்டுப் பாத்தியில் வையுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): விதை போட்டு வளர்க்கலாமா அண்ணே?

பதில்: விதையை நம்பினால் பெரும்பாலும் பச்சைப்புல்தான் வரும். தூரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்று நாலு குருத்து இருக்கிற மாதிரி நடுங்கள். ஹட்டன் பக்கம் மே மழையோடு செய்வார்கள், உங்கள் ஊரில் அதற்குப் பின்னால் வறட்சியும் காற்றும் வந்துவிடும், அதனால் ஒக்டோபர் மழை பிடித்த பிறகு பிரியுங்கள்.