பூனைப் பஞ்சாயத்து: வாசகர் கேள்வி – பதில்

தெருப்பூனைகள் பற்றி மதுரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பூனைகள். ராத்திரியெல்லாம் சண்டைச் சத்தம், படிக்கட்டில் மூத்திர நாற்றம், பைக் சீட் எல்லாம் கிழிசல். பிடித்துக்கொண்டுபோய்க் கரிமேடு மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் அவற்றுக்கும் சாப்பாடு, நமக்கும் நிம்மதி என்கிறார் சங்கச் செயலாளர். செய்யலாமா?
– கே.கே.நகர் வாசகர்

கூடாது. மீன் மார்க்கெட்டில் ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன; அந்த இடம் அவற்றின் ராஜ்யம். புதிதாக வந்ததை அங்குள்ள கடுவன்கள் சாப்பாட்டுப் பக்கமே அண்டவிடாது. வழி தெரியாமல் ரோட்டில் ஓடி அடிபடத்தான் வாய்ப்பு அதிகம். இங்கே உங்கள் வளாகத்தில் குப்பைத்தொட்டியும் மிச்சச் சோறும் அப்படியே இருக்கும் என்பதால், பக்கத்துத் தெருப் பூனைகள் வந்து காலியான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் செயலாளரிடம் சொல்லுங்கள்.

சண்டை, நாற்றம் இரண்டும் பெரும்பாலும் கருத்தடை செய்யாத பூனைகளின் வேலை. ஆபரேஷன் செய்து அதே இடத்தில் விட்டால் இரண்டுமே வெகுவாகக் குறையும். சீட்டுக்குத் தடித்த தார்ப்பாய் உறை போடுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தின் மூலையில், பூனைகள் நகம் பிறாண்ட, சணல் கயிறு இறுக்கிச் சுற்றிய இரண்டடிக் கட்டை ஒன்றை ஆடாமல் நட்டுவையுங்கள். ஆடினால் பூனை அதைத் தொடாது.

கருத்தடை செய்யத் தயார். ஆனால் கையில் சிக்காத பூனையை எப்படிப் பிடிப்பது? எதை முதலில் பிடிக்க வேண்டும்?
– வில்லாபுரம், கோ.புதூர் வாசகிகள்

முதலில் பெட்டைகள். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வருவதில்லை. நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் நீளம் பெரிதாக மாறாததால் வருஷம் பூராவும் குட்டி போடும். சினைக்காலம் சுமார் 63 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். நாலைந்து மாதக் குட்டியே சினையாகிவிடும். நான்கு கடுவனுக்கு ஆபரேஷன் செய்து ஒரு பெட்டையை விட்டால், ஐந்தாவது கடுவன் எங்கிருந்தாவது வந்து சேரும்.

பிடிப்பதற்கு முன் சாப்பாட்டுக்கு நேரம் வையுங்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணியில் தட்டை எடுத்துவிட வேண்டும். பத்து நாளில் கூட்டம் நேரத்துக்கு வரப் பழகும். எத்தனை பூனை, எது பெட்டை, எதற்குக் காம்பு வீங்கி, அதைச் சுற்றி முடி உதிர்ந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். காம்பு அப்படி இருந்தால் எங்கோ குட்டிகள் பால் குடிக்கின்றன என்று பொருள். அந்தத் தாயை, குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்வரை பிடிக்காதீர்கள்.

கூண்டு எலிப்பொறியின் பெரிய வடிவம்தான்: இரண்டரை அடி நீளம், ஓரடி உயரம், கடைசியில் மிதிபலகை. வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னால், கம்பிவலையின் வெட்டு முனைகள் உள்ளே நீட்டாமல் மடக்கச் சொல்லுங்கள். பயந்த பூனை மூக்கால் முட்டிக் கிழித்துக்கொள்ளும். மூன்று நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளேயே சாப்பாடு போடுங்கள். தரையில் பேப்பர் விரிக்க வேண்டும். கம்பி காலில் பட்டால் பின்வாங்கும். பிடிக்கும் நாளுக்கு முந்தின வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வேகவைத்த சாளை மீனை மிதிபலகைக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் கழுத்தை நீட்டித் தின்றுவிட்டுப் போய்விடும். ஒருமுறை ஏமாந்த கூண்டில் மறுமுறை ஏற்றுவது பெரும்பாடு.

கதவு விழுந்ததும் தடித்த துணியால் முழுக்க மூடுங்கள். இருட்டானால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். கையை விடாதீர்கள், வேறு பெட்டிக்கு மாற்றவும் வேண்டாம். கூண்டோடு மருத்துவமனைக்கு. சித்திரை வெயிலில் பகலில் கூண்டு வைப்பதே தப்பு. அதிகாலை அல்லது பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். கால் மணிக்கு ஒருதரம் பாருங்கள். மீனுக்கு எறும்பு ஏறினால் அகப்பட்ட பூனையையும் மொய்த்துவிடும்.

வளர்ந்த பூனைக்கு ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு அது மிகக் குறைவு. தானே கரையும் நூலால் உள்தையல் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் தெருப்பூனையைத் தையல் பிரிக்க மறுபடி பிடிக்க முடியாது. மயக்கத்திலேயே இடது காது நுனியை நேராக வெட்டச் சொல்லுங்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும், அதே பூனை இரண்டாம் தடவை மேஜைக்குப் போகாது. மயக்கம் தெளியும்வரை உடம்புச் சூடு இறங்கும் என்பதால் ஃபேனுக்கு அடியில் வைக்க வேண்டாம். கடுவனை மறுநாள் விடலாம், பெட்டையை ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து பிடித்த இடத்திலேயே காலையில் விடுங்கள். கடுவனுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் சினையாக்கும் சக்தி மிச்சமிருக்கும். “ஆபரேஷன் பண்ணியும் குட்டி போட்டுச்சே” என்ற புகார் பல அங்கிருந்துதான் வருகிறது.

மாடிப்படிக்கு அடியில் நான்கு குட்டிகள். தாயைக் காணவில்லை. எடுத்துப் பசும்பால் கொடுக்கலாமா?
– செல்லூர் வாசகி

எடுக்காதீர்கள், முதலில் தள்ளி நின்று பாருங்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று சும்மா சொல்லவில்லை. ஆள் நடமாட்டம், கடுவன் பயம், எறும்பு எது வந்தாலும் மாற்றும். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது வராது. குட்டிகள் வயிறு நிரம்பி அமைதியாகத் தூங்கினால் தாய் இருக்கிறது என்று அர்த்தம். பல மணி நேரமாக ஓயாமல் கத்தி, தொட்டால் ஜில்லென்று இருந்தால் மட்டும் எடுங்கள்.

எடுத்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் நகர இடம் வேண்டும். பெட்டியின் நான்கு மூலைக்கும் தண்ணீர்க் கிண்ணம் முட்டுக்கொடுத்தால் எறும்பு ஏறாது.

பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். கடைகளில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்பவுடரே வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். குப்புற வைத்தே கொடுங்கள். குழந்தை மாதிரி மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், இதில் செத்த குட்டிகள் ஏராளம். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவினால்தான் கழிக்கும். தினம் சமையல் தராசில் எடை பாருங்கள், 10 கிராமாவது ஏற வேண்டும். எடை நின்றாலே டாக்டரிடம் ஓடுங்கள். நான்காம் வாரத்திலிருந்து வேகவைத்து மசித்த கோழி கொடுக்கலாம்.

குட்டிகளை நல்ல வீட்டில் சேர்க்க ஆசை. போன தடவை கொடுத்ததில் ஒன்று ஒரே வாரத்தில் ஓடிவிட்டது, இன்னொன்று மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது.
– திருநகர் வாசகர்

எட்டு வாரத்துக்கு முன் கொடுக்கக் கூடாது. அதற்குள் மனிதரிடம் பழகியிருக்கவும் வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை தினமும் மடியில் எடுத்த குட்டிதான் வீட்டுப்பூனை ஆகும். பூச்சி மருந்து, எட்டாவது வாரம் மூன்று நோய்த் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. எது போட்டாயிற்று என்று சீட்டில் எழுதிக் குட்டியோடு கொடுங்கள்.

கேட்டு வருபவரிடம் கூச்சப்படாமல் விசாரியுங்கள். வாடகை வீடா, உரிமையாளர் சம்மதித்தாரா? பால்கனிக்கு வலை உண்டா? ஊருக்குப் போனால் யார் சோறு போடுவது? ஐந்து மாதத்தில் கருத்தடை செய்வார்களா? முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். “பிள்ளை பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸ்” என்பவருக்கு எங்கள் ஓட்டு இல்லை. முடிந்தால் இரண்டு குட்டியாகக் கொடுங்கள், ஒன்றோடொன்று விளையாடித் திரைச்சீலையை விட்டுவைக்கும்.

கட்டைப்பையில் தூக்கிப் போகாதீர்கள். முதல் வாரம் ஒரே அறை. அங்கேயே சாப்பாடு, அதிலிருந்து சற்றுத் தள்ளி மணல் தட்டு. வீடு முழுக்கத் திறந்துவிட்டதால்தான் அந்தக் குட்டி ஓடியிருக்கும். வளர்ந்த பூனை என்றால் மூன்று நான்கு வாரம் வெளியே விடவே கூடாது. வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரம் தனியறை. ரத்தபேதியும் வாந்தியுமாகக் குட்டிகளை வாரிச் செல்லும் பார்வோ வகை நோய் உள்ளே ஒளிந்திருந்தால் அதற்குள் வெளிப்படும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் வாழும். பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும்.

காய்ச்சலாகப் படுத்திருக்கிறது. பாராசிட்டமால் கால் மாத்திரை?
– நரிமேடு வாசகி

கொடுக்கவே கூடாது. கால் மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும்; அதன் கல்லீரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் திறன் இல்லை. நாய்க்கு ஊற்றும் உண்ணி மருந்தும், தரை துடைக்கும் பினாயிலும் அதே கதைதான். வெங்காயம், பூண்டு போட்ட சாப்பாடும் வேண்டாம்.

சாப்பாடு வைக்கும்போது தெருப்பூனை பிராண்டிவிட்டது. ரத்தம் லேசாகத்தான் வந்தது.
– ஒத்தக்கடை வாசகர்

ரத்தம் வந்தாலே வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்கள். ரத்தக் காயத்துக்கு அதோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் தேவை, அதையும் கேளுங்கள். பூனையைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.