வேளாங்கண்ணியில் பிழைத்தவர்களும் போனவர்களும்

கேள்வி: சுனாமி அன்று வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தது மாதா செய்த அற்புதம் என்று எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் மனது ஒட்டவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: குறையவில்லை அம்மா. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே? மொட்டையடித்துவிட்டுக் கடலில் குளிக்க இறங்கிய பிள்ளை என்ன குறை வைத்தது?

பிழைத்தவர் அழுதுகொண்டே நன்றி சொல்லட்டும், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதை மற்றவர்கள் மேடையில் எடுத்துப் பேசும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்பு வேண்டும். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பெயர்ந்தது, அலை கிளம்பியது. செத்தவர்களின் பாவ புண்ணியத்தை அதில் தேடுவது நம் வேலை இல்லை.

அந்த நாட்களில் விசுவாசத்தை நான் வேறு இடங்களில் பார்த்தேன். நாகூர் தர்கா தன் இடத்தில், எந்த மதம் என்று கேட்காமல் உடல்களை அடக்கம் செய்யக் கொடுத்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், பக்கத்து மீனவ கிராமங்களின் இந்துக் குடும்பங்களுக்கு முதல் சில நாட்கள் சமைத்துப் போட்டார்கள். அரசு உதவி வந்து சேரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

கேள்வி: அன்றைக்கு நாடே ஒன்றாக நின்றது. அந்த ஒற்றுமை இப்போது எங்கே போனது?

பதில்: நின்றது உண்மை. பல மாநிலங்களிலிருந்தும் லாரி லாரியாகப் பொருட்கள் வந்தன. நாமே அடிபட்டுக் கிடந்தபோதும் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவிக்குப் போயின. அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கும் அது முழுசாக இல்லை. சில முகாம்களில் தலித் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கினார்கள். பிணக்குழியில் இல்லாத சாதி சோற்றுப் பந்தியில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை மறைத்துவிட்டு ஒற்றுமையைப் புகழ எனக்கு மனமில்லை.

அப்புறம் அந்தப் பழைய துணிகள். நாகப்பட்டினம் சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு குவியலைக் கிளறினேன்: பொத்தான் இல்லாத சட்டை, ஓரம் கிழிந்த சேலை, நம் கடற்கரை வெயிலில் யாரும் போட முடியாத கம்பளிச் சட்டை. நேற்றுவரை வலை வீசிச் சம்பாதித்துச் சாப்பிட்டவர்கள் அதைக் குனிந்து எடுப்பார்களா? எடுக்கவில்லை. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். அனுப்பும் முன் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், படகும் வலையும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒன்று செய்யுங்கள். வரும் டிசம்பர் 26-இல் உங்கள் கூட்டத்துக்கு, அன்று பிள்ளையை இழந்த ஒரு குடும்பத்தை, அவர்களுக்குச் சம்மதமென்றால், அழைத்துப் பேசவிடுங்கள். அவர்கள் கடவுள்மேல் கோபப்பட்டாலும் குறுக்கே பேசாதீர்கள்.