போனைப் பிடுங்கிவிட்டால் பவர் ஏறாமல் நிற்குமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. போன வருடம் கரும்பலகை தெரியவில்லை என்றான். பரிசோதித்துவிட்டு மைனஸ் 1 பவரில் கண்ணாடி கொடுத்தார்கள். இந்த ஜூனில் அது மைனஸ் 2.25 ஆகிவிட்டது. பள்ளி விட்டு வந்தால் டியூஷன், அப்புறம் போன். இப்போது போனை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டோம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தால் பவர் நின்றுவிடுமா? எந்நேரமும் கண்ணாடி போட்டால்தான் பவர் ஏறும் என்கிறார் என் மாமியார். இளையவளுக்கு 5 வயது, அவளுக்குக் கண்ணாடி இல்லை.
— ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: ஒரு வருடத்தில் 1.25 ஏறுவது வேகம்தான். நீங்கள் கவலைப்படுவது நியாயம். பூட்டி வைத்தது நல்லதே, ஆனால் அது பாதி வேலை.

பிறக்கும்போது நம் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக 17 மி.மீ. அளவில் இருக்கும். பெரியவர்களுக்குச் சுமார் 24 மி.மீ. இந்த வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போவதுதான், தூரத்தில் இருப்பதை மங்கலாக்கும் கிட்டப்பார்வை. ஒரு மி.மீ. கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய மைனஸ் 2.5 பவர் வந்துவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கேரட்டும் பொன்னாங்கண்ணியும் உடம்புக்கு நல்லவை, தாராளமாகக் கொடுங்கள். ஏறிய பவரை அவை இறக்கமாட்டா. இனி ஏறும் வேகத்தைக் குறைக்கலாம், அது நம்மால் முடியும்.

சரி, கண் ஏன் நீள்கிறது? பெற்றோரிடமிருந்து வரும் மரபு ஒரு காரணம். புத்தகமோ போனோ, கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்ப்பது இன்னொன்று. மூன்றாவதை நாம் கவனிப்பதே இல்லை: பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் இருப்பதே இல்லை.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் 6, 7 வயது. சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 சதவீதம் பேருக்கு மட்டுமே. இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகம் புத்தகம் படித்தார்கள். ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோ நகரில், பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ். வெளியே மர நிழலிலேயே அது பல ஆயிரம் லக்ஸ். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இன்று வலுவாக இருக்கும் விளக்கம்.

எனவே போனைப் பூட்டிவிட்டு அதே அறையில் ஓவியப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை. தினமும் 2 மணி நேரம் வெளியே இருக்கட்டும். ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் பள்ளிக்கு நடை, மதிய இடைவேளை, மாலை நாலரை முதல் ஐந்தரை வரை தெருவில் சைக்கிளோ ஓடிப்பிடித்தலோ என்று சேர்ந்தால் போதும். நிழல் போதும், தொப்பி போடலாம், வெயிலில் வாட்ட வேண்டியதில்லை. இரவு விளக்கில் ஆடும் கிரிக்கெட் உடம்புக்கு நல்லது, கண் கணக்கில் சேராது. டியூஷனை ஆறரைக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்க்கும் பல வீடுகளில் இந்த ஒரு மாற்றம்தான் மற்ற எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது. 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் இதிலேயே அடங்கிவிடும். எலும்பும் தசையும் பலப்படும், குனிந்தே கிடந்த கழுத்துக்கும் ஓய்வு.

நீல ஒளிக் கண்ணாடி வேண்டாம். அது பவரைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது, குறைந்த பவரில் போட்டுச் சமாளிப்பதும் உதவாது. எழுந்ததும் போட்டு, தூங்கும்போது கழற்றட்டும்.

படிக்கும்போது எவ்வளவு தூரம்? என் அறையில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் காட்டுவேன். முழங்கையை மேசையில் ஊன்றி, முஷ்டியைக் கன்னத்தில் வைக்கச் சொல்வேன். முழங்கைக்கும் முஷ்டிக்கும் உள்ள தூரம்தான் புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இருக்க வேண்டியது. போர்வைக்குள் படுத்துப் போன் பார்க்கும் பிள்ளையிடம் அளந்தால் பல நேரம் ஒரு சாண்கூட இருக்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தில் இருக்கும் மரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ பார்த்துவிட்டு வரட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிச்சம் நன்றாகத் தடுப்பது கிட்டப்பார்வை வருவதற்கு முன்புதான். வந்த பிறகு அதன் பலன் குறைவு. அதனால் மகனுக்கு மைதானம் மட்டும் போதாது. குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்து, பவர் ஏற்றத்தை மட்டுப்படுத்தும் தனி வகை லென்ஸ் ஆகியவை இப்போது இருக்கின்றன. எது பொருந்தும் என்று குழந்தைகள் கண் மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். மைனஸ் 6-ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இளையவளை மறந்துவிடாதீர்கள். அண்ணனுடன் அவளையும் இன்று மாலையே வெளியே அனுப்புங்கள். இந்த வெளிச்சத்தால் அதிகம் காப்பாற்றப்படப் போவது அவள் கண்தான். அடுத்த பரிசோதனைக்கு இருவரையும் சேர்த்தே கூட்டிப் போங்கள், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு பவர் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். மறுநாள் பரீட்சை இல்லாத நாளாகப் பாருங்கள். மகனுடைய பழைய கண்ணாடியையும் இரண்டு வருடச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.