சுசீந்திரத்தைச் சுற்றி எங்கே ஓடலாம்? கேள்விகளும் பதில்களும்

பதினாலு வருஷமாகக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறேன். தெற்கே மணக்குடிக் கடல், கிழக்கே மருந்துவாழ்மலை, நடுவில் குளம், வயல், உப்பளம். கேள்வி அனுப்பியவர்களுக்கு மொத்தமாக இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாப் பதிலிலும் காற்றும் மாசமும் வந்துகொண்டே இருக்கும். எத்தனை கிலோமீட்டர் என்பதை இந்த ஊரில் நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

அண்ணாச்சி, எனக்கு வயசு நாற்பத்திரண்டு. இதுவரை ஓடியதே இல்லை. எங்கே ஆரம்பிக்க?

தேரூர்க் குளத்தங்கரைப் பக்கம் போங்கள். மேடு பள்ளம் இல்லாத பாதை, கண்ணுக்கும் குளிர்ச்சி. முதல் மூன்று வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம் போதும். கூட வருகிறவரிடம் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிகிறதா, அதுதான் உங்கள் வேகம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. கார்த்திகையிலிருந்து மாசி வரை வெளியூர்ப் பறவைகளும் வந்து சேரும். கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க நின்றுவிட்டால் தப்பே இல்லை. புதிதாக ஓடுகிறவருக்கு நடுவில் நிற்க ஒரு காரணம் கிடைப்பதும் நல்லதுதான்.

அண்ணே, நான் ஆரல்வாய்மொழி, காலேஜ் படிக்கிறேன். ஆனி, ஆடி வந்தால் காற்று தள்ளுகிறது, என் நேரம் எல்லாம் கெட்டுப்போகிறது. என்ன செய்ய?

தம்பி, நீ இருப்பது கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வருகிற இடம் அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதும் அதனால்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கடிகாரத்தை மறந்துவிடு. போன மாசம் ஐந்து கிலோமீட்டருக்கு ஆன நேரத்தோடு ஆடி மாச நேரத்தை ஒப்பிட்டால் மனசுதான் கெடும். மூச்சை வைத்து ஓடு.

போகும்போது காற்றுக்கு எதிரே, திரும்பும்போது காற்றோடு. இதை மாற்றிச் செய்தால் களைத்த கால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது: காற்று முதுகில் அடிக்கும்போது வியர்வை சீக்கிரம் காயாது. எதிர்க்காற்றை விட அப்போதுதான் உடம்பு கொதிக்கும், அதனால் தண்ணீரைத் திரும்பும் பாதிக்கு மிச்சம் வை. காற்றுக்குப் பயந்து தென்னந்தோப்புக்குள் மட்டும் நுழையாதே. ஆடிக் காற்றில் மட்டை எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

சொத்தவிளைக் கடற்கரையில் வெறுங்காலோடு ஓடலாமா?

ஓடலாம், முதல் நாள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அலை வந்து போன ஈர மணல்தான் கெட்டியாக இருக்கும். அது கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கும். ஐந்நூறு மீட்டருக்கு ஒரு முறை திரும்பி ஓடுங்கள். வற்றத்தில், அதாவது தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் போனால் சரிவு குறைவு.

கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கரைப் பக்கமே போகாதீர்கள். காற்றே இல்லாமல் வானம் தெளிந்திருக்கும்போதும் எங்கோ தூரக் கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து ஏறும். 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தையே பெயர்த்துக் கொண்டுபோன கரை இது. கடலில் போகிறவர்கள் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்றால் வாதாடாமல் திரும்பிவிடுவது என் வழக்கம்.

மருந்துவாழ்மலையில் ஏறி ஓடிப் பழகினால் கால் பலமாகும் என்கிறார்களே, சார்?

ஆகும், ஆனால் ஏறும்போது ஓட முயல வேண்டாம். பொற்றையடியிலிருந்துதான் ஏறுவோம். பொற்றை என்றால் சிறு குன்று. அதன் அடியில் இருப்பதால் ஊருக்கு அந்தப் பெயர். கீழே படிகள் உண்டு, ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று அரை அடி, அடுத்தது முக்கால் அடி. மேலே போகப் போக வெறும் பாறை. கையைத் தொடையில் ஊன்றி, குனிந்து, வேகமாக நடந்தால் போதும். நெஞ்சு ஓட்டத்துக்கு ஓடும், கால் தப்பிக்கும்.

சேதம் எல்லாம் இறங்கும்போதுதான். உடம்பு கீழே போக, முன் தொடை அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே வருகிறது. அந்த வலி மறுநாளை விட அதற்கும் அடுத்த நாள் அதிகம் தெரியும். முதல் இரண்டு மாசம் இறங்குவது முழுக்க நடைதான். ஒரு ஐப்பசியில், மழை விட்டு வெயில் வந்துவிட்டதே என்று நம்பி இறங்கினேன். மரநிழலில் இருந்த ஒரு படி மட்டும் காயவில்லை. மேலே பச்சை கூடத் தெரியவில்லை, கறுத்த கல்லாகத்தான் இருந்தது. கணுக்கால் பிசகி ஐந்து வாரம் வீட்டில் இருந்தேன். அதிலிருந்து, மழை பெய்து இரண்டு முழு நாள் வெயில் அடிக்காமல் அங்கே போவதில்லை.

கையில் பழம் கொண்டுபோகாதீர்கள், குரங்கு விடாது. போனில் பாட்டும் வேண்டாம். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இந்த மலையில்தான் இருக்கிறது. சாமி கும்பிட வருகிறவர்களும் சும்மா உட்கார்ந்திருக்க வருகிறவர்களும் உண்டு.

காலை ஐந்தரைக்குத் தனியாக ஓட வேண்டும், வேறு நேரம் கிடைக்காது. பெண்ணுக்கு எந்த வழி பாதுகாப்பு, அண்ணா?

தாணுமாலயன் கோயில் ரத வீதிகள், தங்கச்சி. அழகான வழி நிறைய உண்டு, ஆனால் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம்தான் முக்கியம். வாசல் தெளிக்கிறவர்கள், பால்காரர், கோயிலுக்கு வருகிறவர்கள் என்று நாலு தெருவும் விழித்திருக்கும். சுற்றிச் சுற்றி வருவதால் வீட்டிலிருந்து எப்போதும் கொஞ்ச தூரத்தில்தான் இருப்பீர்கள். பாதி சுற்றுகளை வலமாகவும் பாதியை இடமாகவும் ஓடினால் ஒரே கால் தேயாது. மார்கழித் தேரோட்ட நாட்களில் மட்டும் இடம் கிடைக்காது. சானல் கரை, அதாவது பாசனக் கால்வாய்க் கரை, தனியாக வேண்டாம், துணை இருந்தால் போங்கள்.

நாய் துரத்தினால்?

ஓட்டத்தை நிறுத்துங்கள். நின்று, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நடங்கள். மீன் இறங்கும் இடங்களில் நாய்கள் கூட்டமாக இருக்கும், அங்கே முன்கூட்டியே நடந்து கடந்துவிடுவது நல்லது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும்.

ஓடும் முன் என்ன சாப்பிட?

முக்கால் மணி நேரத்துக்குள் என்றால் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் போதும். அதற்கு மேல் என்றால் ஒரு மட்டிப்பழம், நம்ம ஊர்ச் சின்ன வாழைப்பழம். வந்த பிறகு உப்புப் போட்ட பழஞ்சித் தண்ணீருக்கு (பழைய சோற்று நீர்) மேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

அரை மாரத்தானுக்குத் தயாராகிறேன். நீண்ட ஓட்டத்துக்கு ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

சுசீந்திரத்திலிருந்து வழுக்கம்பாறை, சாமித்தோப்பு, அப்புறம் உப்பளம் வழியாக மணக்குடி. போய்த் திரும்பினால் இருபது கிலோமீட்டர் பக்கம் வரும். மிச்சத்தைத் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சரிக்கட்டலாம். மாசி, பங்குனிதான் காலம். காற்று அடங்கியிருக்கும், மழை இருக்காது. விடிவதற்கு முன் கிளம்பிவிடுங்கள், எட்டரைக்கு மேல் உப்பளத்தில் ஒரு துளி நிழல் கிடையாது.

இந்த வழியை எனக்காக வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனாலும் சொல்லிவிட்டேன். ஆறரை மணிக்குப் பாத்திகளில் தண்ணீர் அசையாது, மருந்துவாழ்மலை அதில் தலைகீழாக நிற்கும். பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்க்கும் சத்தம், ஈர மணலைச் சுரண்டுவது போல, தூரத்திலிருந்தே கேட்கும். அவர்கள் வேலை செய்கிற வரப்பில் ஏறாதீர்கள், சாலையிலேயே ஓடுங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் ஷூவில் அப்பிக்கொண்டு கால் தூக்க விடாது.

ஜனவரி கடைசியில் கன்னியாகுமரிக்கு வருகிறோம். சூரிய உதயத்தைப் பார்த்தபடி ஓட முடியுமா?

வட்டக்கோட்டைக்கு ஓடுங்கள், ஆறு கிலோமீட்டர் பக்கம். ஜனவரி கடைசியில் சூரியன் ஆறே முக்காலுக்குச் சற்று முன்புதான் வரும், அதனால் ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். இருட்டில் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாகவே ஓடுங்கள், வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கோட்டைக்கு வெளியே கடலைப் பார்த்து நின்றாலே போதும். திரும்பும்போது வெயில் முதுகுப் பக்கம் வரும், ஒரு தொப்பி கையோடு இருக்கட்டும்.