வால்வு அம்ப்: 8 வாட் போதுமா?

கேள்வி: பக்கத்துக்கு ஒரு 300பி வால்வு (சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) வைத்து அம்ப் (ஒலிபெருக்கி) கட்டியிருக்கிறேன். 8 வாட்தான் வரும் என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் எடுபடுமா?
– வாசகர், கல்லடி

பதில்: மண்டபம் வேண்டாம், வீட்டு ஹோலே போதும். 1938இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்த வால்வு அது, அதில் குறையில்லை, விஷயம் ஸ்பீக்கரில் இருக்கிறது. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 85 டெசிபெல் தருகிற சின்னப் பெட்டி 8 வாட்டில் 94ஐத் தாண்டாது, அதுவே 96 தருகிற ஹோர்ன் பெட்டி என்றால் 105 வரை போகும். கையில் காசிருந்தால் பழைய வால்வு தேடி அலையாமல், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கிற வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் போடுங்கள். பக்கத்துக்கு ஒற்றை வால்வு என்பதால் ட்ரான்ஸ்போமரின் சுருளில் எப்போதும் நேர்மின்னோட்டம் ஓடும், இரும்புக்கு நடுவே இடைவெளி விடாமல் சுற்றியிருந்தால் பேஸ் (அடித்தொனி) செத்துவிடும்.

காட்டும் நாளில் அரை மணி நேரம் முன்பே போட்டுச் சூடாக்குங்கள். ட்ரான்சிஸ்டர் அம்போடு ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டின் சத்தத்தையும் மீட்டர் பிடித்துச் சமப்படுத்துங்கள், இல்லாவிட்டால் சத்தம் கூடியதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள் (நானும்தான்). அப்புறம், பிளக்கைக் கழற்றினாலும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கும், அது வடியாமல் உள்ளே கை வைக்காதீர்கள்.