தாத்தாவின் மங்கும் குடிலும்: கிறிஸ்துமஸ் அலங்காரக் கேள்வி பதில்

பினாங்கில் படச்சட்டம் போடும் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். குடும்பத்துப் பழைய புகைப்படம், துணி, காகிதம், குடில் பொம்மை ஆகியவற்றைக் கிறிஸ்துமஸுக்கு எப்படி வெளியே எடுத்து வைப்பது, கெடாமல் எப்படி உள்ளே வைப்பது என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெலுத்தோங்கிலிருந்து: அக்கா, அப்பா அம்மாவின் திருமணப் படம், கறுப்பு வெள்ளை. மூலையில் துளையிட்டு மரத்தில் தொங்கவிடலாமா?

துளையிடாதீர்கள். அந்தப் படம் உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்து, தடித்த தாளில் சிறிதாக அச்சிட்டு, அந்த நகலில் துளை போடுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். மூலப்படத்தின் பின்னாலும் பென்சில்தான். பந்துமுனைப் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும். மூலப்படம் மின்விளக்கின் சூட்டிலும் சன்னல் வெயிலிலும் ஒரு மாதம் தொங்க வேண்டியதில்லை. அது அலமாரியில் இருக்கட்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து: பாட்டியின் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் போட்டு எடுக்கலாம் என்கிறார்கள்.

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் பாட்டியின் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், நன்றாகவே வரும். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், சன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சிறிய இடைவெளிதான் படத்தைக் காப்பாற்றும்.

செந்தூலிலிருந்து: தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் அவருடைய பீங்கான் மங்கு ஒன்றும், தோட்டத்தில் பொறுக்கிய ரப்பர் விதைகளும் வீட்டில் இருக்கின்றன. அலங்காரத்தில் சேர்க்கலாமா?

இன்றைய கேள்விகளில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இது. மங்கின் உட்புறத்தில் காய்ந்த பால் படலம் இருந்தால் உரித்துவிடுங்கள், அது எரியும். மணல் நிரப்பிச் சிறிய மெழுகுவர்த்தி வைக்கலாம். பேட்டரி விளக்கு என்றால் இன்னும் நிம்மதி. விதைகளைத் துடைத்து, ஊசித்துளையிட்டுச் சிவப்பு நூலில் கோத்தால் அந்தப் பழுப்பு வரிகளின் அழகுக்கு எந்தக் கடைச் சரமும் ஈடாகாது. ஆனால் வேகவைக்காத விதை நஞ்சு. குழந்தைகள் வாயில் வைக்காத உயரத்தில் கட்டுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: மன்னிக்க வேண்டும் அக்கா. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டிலிருந்து எங்களை வெளியே கொண்டுவர அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. பண்டிகை நாளில் அந்த வறுமையை ஏன் கூடத்தில் வைக்க வேண்டும்?

ஆயர் ஈத்தாமிலிருந்து: அந்த மங்குதானே நம்மைப் படிக்க வைத்தது? ஒளித்து வைக்க அது என்ன திருட்டுப் பொருளா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: ஒளிக்கச் சொல்லவில்லை. விருந்தினர் அதை வேடிக்கை பார்ப்பதைத்தான் அம்மாவால் தாங்க முடியாது.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1223இல் அசிசி பிரான்சிஸ் என்ற துறவி இத்தாலியில் கிரேச்சோ என்னும் சிற்றூரில் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது வைத்தவை தீவனத்தொட்டியும் வைக்கோலும், ஒரு மாடும் ஒரு கழுதையும். பிறந்த செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது இரவுக் காவலில் இருந்த இடையர்களுக்கு. விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போனவரின் மங்குக்குக் குடிலின் அருகில் இடமில்லை என்றால் வேறு எதற்கு இடம்? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் உங்கள் அம்மா. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பேரப்பிள்ளைகளின் ஆசைக்காக அவருடைய வலியைக் காட்சிக்கு வைக்கக்கூடாது. எதை வைத்தால் மகிழ்வார் என்று அவரிடமே கேளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: கேட்டேன். வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனிக்காகத் தன் கையால் பாடல்கள் எழுதிய நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தாள்கள் ஒடிகின்றன.

அருமை! அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நோட்டை விரித்து அழுத்தாதீர்கள், முதுகு முறிந்துவிடும். பாதி திறந்த நிலையில், இருபுறமும் மடித்த துண்டு முட்டுக்கொடுத்து, மேலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். ஒரு பக்கத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் குடிலுக்கு மேல் மாட்டுங்கள். இன்னொன்று செய்வீர்களா? அவர் இந்தப் பாடல்களைப் பாடும்போது பதிவு செய்துவையுங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து: பழைய வாழ்த்து அட்டைகளைச் செலோடேப்பால் சுவரில் ஒட்டலாமா?

கூடாது. கயிறு கட்டி, மரக்கிளிப்பில் மாட்டுங்கள்.

கெப்போங்கிலிருந்து: புகைப்படத்தைச் செலோடேப்பால்...

மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. இரட்டைப்பக்க டேப்பும் அப்படித்தான்.

பூலாவ் திக்குஸிலிருந்து: ஞானஸ்நான உடையைச் சட்டம் போடாமல் காட்ட வழி உண்டா?

துணி சுற்றிய ஹேங்கரில், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். கஞ்சி போடாதீர்கள். கஞ்சி வாசத்துக்கு வெள்ளிமீன் பூச்சி தேடி வரும்.

சிகாம்புட்டிலிருந்து: குடில் இடையனுக்கு ஒரு கை இல்லை. பிள்ளைகள் புதிது வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள். அந்த வீட்டில் யார் கையிலிருந்து அவன் விழுந்தான் என்று இன்னும் யாருக்காவது நினைவிருக்கும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சாந்துப் பொம்மை என்றால் ஈரத்துணி படக்கூடாது, மென்மையான தூரிகை போதும்.

ஜெலுத்தோங்கிலிருந்து: விளக்குச் சரம் எது நல்லது? கேக்குக்குப் பழம் எப்போது ஊறவைப்பது?

விளக்கில் சிரிம் என்னும் மலேசியத் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேக் என் துறையல்ல, சமையல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: நகலையாவது செலோடேப்பால் ஒட்டலாமா அக்கா?

நகலை ஒட்டிக்கொள்ளுங்கள். மூலத்தின் பக்கம் மட்டும் அந்த டேப் வரவே கூடாது.

செந்தூலிலிருந்து: எல்லாவற்றையும் எப்போது, எப்படி எடுத்து வைப்பது?

ஜனவரி 6, மூவரசர் திருநாள் முடிந்ததும் எடுங்கள். மழை பெய்யாத நாளாகப் பாருங்கள். துணியை வெள்ளைப் பருத்தியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெள்ளிப் பொருளில் ரப்பர் வளையம் மாட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுக்க வைக்கும். விதைச் சரத்தைத் தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி, என்ன இருக்கிறது, யாருடையது என்று மூடியின் மேல் எழுதிவிடுங்கள்.